அடிக்கடி மூட் மாறினால் பைபோலாரா? மனசைப் பழக்கினால் போதுமா?

தம்பிக்குக் காலையில் சிரிப்பு, மத்தியானம் எரிச்சல், ராத்திரி அழுகை, இது பைபோலாரா, அதாவது மனசு சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் கிடக்கிற நோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் அண்ணனுக்குப் பைபோலார், கூட இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே நாளில் நாலு தடவை மாறுவதை மட்டும் வைத்து அந்தப் பெயரை ஒட்டாதீர்கள். டாக்டர்கள் நாள்கணக்குப் பார்ப்பார்கள்: ஏற்றம் (அந்த மிதமிஞ்சிய உற்சாகம்) பொதுவாக 1 வாரமாவது (லேசான ஏற்றம் என்றால் 4 நாள்), இறக்கம் (அந்தச் சோர்வு) 2 வாரமாவது நீடிக்க வேண்டும். மணிக்கு மணி மாறுவதற்குத் தைராய்டு, குடி, வீட்டுச் சண்டை என்று வேறு காரணங்களும் இருக்கலாம்.

நான் முதலில் தூக்கத்தைத்தான் விசாரிப்பேன். அண்ணன் எப்போதுமே விடியும் முன்னே தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர், அதனால் எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல், அப்படியும் களைப்பே இல்லாமல், பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் குத்தகைக்கு எடுக்கிறேன் என்று கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுக்க ஆரம்பித்தபோதுதான் முழித்துக்கொண்டோம். "சுறுசுறுப்பா இருக்கான், நல்லதுதானே" என்றாள் அம்மா!

அதற்கு முன்னால் சோர்ந்து கிடந்தபோது ஓரிடத்தில் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தார்கள். பைபோலார் உள்ளவருக்கு அது தனியாகப் போனால் ஏற்றத்தைக் கிளப்பிவிடலாம். அதனால் டாக்டரிடம் பழைய உற்சாக நாட்களையும் நீங்களே சொல்லுங்கள், நோயாளி சொல்ல மாட்டார், அவருக்கு அது பொற்காலம்.

மூச்சுப் பயிற்சி, கோபம் வந்தால் எழுந்து நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது எல்லாம் நல்லதுதான், மருந்தோடு சேர்த்து. ஏற்றம் தலைக்கேறிய பிறகு "மனசை அடக்கு" என்பது வீண்பேச்சு. அண்ணனை நிறுத்தியது லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்கிற மனநல டாக்டர் அதைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து இதற்குப் பேர்போன மருந்து. ஆனால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு, கிட்னி, தைராய்டு சோதனைகளை விடவே கூடாது. வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றுவது, வாந்தி பேதி, திடீரென உப்பைக் குறைப்பது, மெடிக்கலில் நாமாக வாங்கும் சில வலி மாத்திரைகள், இவையெல்லாம் ரத்தத்தில் லித்தியத்தைக் கூட்டிவிடும். கைநடுக்கம் அதிகமாகி நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிதான்.

நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டலாம். தம்பி வர மறுத்தால் முதலில் நீங்கள் 14416-க்குப் பேசுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி போன், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். சாகணும் என்கிற பேச்சு வந்தால் மட்டும் போனோடு நிற்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.