உறுமி எங்கிருந்து வந்தது, தம்பி?

கேள்வி: ராப், கானா, ஆங்கில பாப் எல்லாம் கலந்து பாட்டு செய்கிறேன். "ஒரு ஸ்டைலைப் பிடி, எல்லாத்தையும் கலக்குனா அந்த லண்டன் ராப் பாடகி எம்.ஐ.ஏ. மாதிரி ஒரே பாட்டோட காணாமப் போயிடுவ" என்கிறார் அண்ணன். எம்.ஐ.ஏ.வும் எங்களைப் போல இலங்கைத் தமிழர்தானே, அவர் கதைதானே எங்கள் கதையும்? யார் சொல்வது சரி? என் பாட்டு ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகர், சேரம்பாடி, நீலகிரி

பதில்: அண்ணன் சொன்னது தப்பு. நீங்கள் சொன்னது பாதி தப்பு.

முதலில் அண்ணன். எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' ஒன்றை மட்டும் கேட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்பே 2005-இல் தன் அப்பாவின் பெயரில் அவரது 'அருளர்' ஆல்பம் வந்துவிட்டது. அம்மா பெயரில் 2007-இல் வந்த 'கலா'வில்தான் இந்தப் பாட்டு. அமெரிக்கப் பட்டியலில் அது நான்காம் இடத்துக்கு ஏறியது அடுத்த வருஷம், ஒரு சினிமா டிரெய்லரில் ஒலித்த பிறகு. 2009-இல் அதற்கு கிராமி பரிந்துரை, ரஹ்மானோடு செய்த 'ஓ... சாயா'வுக்கு ஆஸ்கர் பரிந்துரை, நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் ராப். அப்புறம் 2010, 2013, 2016, 2022 என்று நாலு ஆல்பம். இதற்குப் பேர் காணாமல் போவதா? பின்னாளில் அந்த அளவு ஹிட் அமையவில்லை, 2012-இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி மேடையில் நடுவிரலைக் காட்டி வம்பில் மாட்டினார், சமீப காலமாகப் பேசும் சில விஷயங்கள் எனக்கே எரிச்சல்தான். சரி, இதில் எது இசையைக் கலந்ததால் வந்தது?

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். எம்.ஐ.ஏ. ஸ்டைல் ஸ்டைலாக எடுத்து வைத்துக் கலந்தவர் இல்லை. படித்தது லண்டனில் ஓவியம், சினிமா என்று. ஒரு ராக் குழுவின் பயணத்தை வீடியோ எடுக்கப் போன இடத்தில் இசை பிடித்துக்கொண்டது, அந்தக் குழுவின் பாடகியிடம் இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.505 என்ற சின்ன இசை மெஷினில்தான் முதல் பாட்டுகளையே தட்டினார். 'கலா' சமயத்தில் அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்ற இசைத் தயாரிப்பாளரோடு வேலை செய்வதாகத் திட்டம், விசா சிக்கலில் உள்ளேயே போக முடியவில்லை, அதனால் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று சுற்றி, போன இடத்து ஆட்களை உட்கார வைத்துப் பதிவு செய்தார். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பையன்கள் அந்த ஆல்பத்தில் ராப் செய்கிறார்கள். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் காதைக் கிழிக்கிற அந்த உறுமி இங்கே நம் ஆட்கள் அடித்தது.

இப்போது நீங்கள். எம்.ஐ.ஏ. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரில் சிக்கி, பத்து வயது வாக்கில் அகதியாக லண்டன் திரும்பியவர். உங்கள் முன்னோர் இங்கிருந்து இலங்கை மலையகத்துக்குக் காப்பிக்கும் தேயிலைக்கும் கூலியாகப் போனவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடு மாற்றப்பட்டு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் டான்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கின. வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆனபிறகும் 'சிலோன்காரங்க' என்று கூப்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் போரை இரவல் வாங்குவானேன்? உங்கள் கதை சின்னதில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி நிலமில்லாமல் நின்ற தன் பாட்டி வள்ளியம்மாளை வைத்துத்தானே ராப் பாடகர் அறிவு 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யை எழுதினார், ஊரே பாடவில்லையா?

உங்கள் பாட்டைக் கேட்டேன். பச்சை இலை எடை போடும் இடம் வருகிற சரணம் பிரமாதம், தராசில் கழிக்கிற கிலோவை அப்படியே தாளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள், இதை இந்த மலையில் வளர்ந்தவன்தான் எழுத முடியும். ஆனால் நடுவில் ஒரு உறுமி வருகிறதே, அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற லூப், திரும்பத் திரும்ப ஓடுகிற ரெடிமேட் ஒலித்துண்டு. குறும்படம், கல்யாண வீடியோ, தேர்தல் பிரசாரம் என்று எல்லாவற்றிலும் கேட்டுச் சலித்த அதே லூப். சேரம்பாடியில் உட்கார்ந்துகொண்டு இதை டவுன்லோட் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது? பந்தலூர் பக்கம் பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் துடி என்கிற பறையும் குழலும் இன்னும் சத்தமாகத்தான் இருக்கின்றன. கோத்தகிரி வரை பஸ் ஏறினால் கோத்தர் பழங்குடிகளின் கொள் என்கிற ஊதுகருவி இருக்கிறது. எல்லாவற்றையும் பதிவு செய்ய விடமாட்டார்கள், சாவுக்கு மட்டும் வாசிப்பதைப் பாட்டுக்குக் கேட்டால் திட்டுவார்கள், திட்டினால் வாங்கிக்கொண்டு வாருங்கள். சம்மதித்தவருக்குக் காசு பேசுங்கள், செல்போனை நீட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்துத் தப்பிக்கிற வேலை வேண்டாம்.

அடுத்த பதிவை அனுப்பும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் துடி அடித்தவர் பெயரும் இருக்கட்டும். இல்லையென்றால் நான் கேட்கப் போவதில்லை.