மூன்று மாதக் குஞ்சுக்கு நெற்றிக் கோடு எங்கே போனது?

கேள்வி: சந்தையில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினேன். 'மூணு மாசக் குஞ்சுங்க' என்று கொடுத்தார்கள். பச்சைக்கு நெற்றி சுத்தமான மஞ்சள், கண்ணில் மெல்லிய சாம்பல் வளையம், மூக்கு வெளிர்நீலம், துளையோரம் வெள்ளை. இன்னொன்று முழு மஞ்சள், சிவப்புக் கண். சொன்ன வயது சரியா? முட்டையிடப் பானை கட்டலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பச்சை 3 மாதத்தைத் தாண்டிவிட்டது. லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் விற்கும் பட்ஜியின் குஞ்சுக்குத் தலையின் கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருக்கும். 3, 4 மாதத்தில் முதல் முறை இறகு உதிர்க்கும்போதுதான் நெற்றி தெளியும். கண்ணும் அதையே சொல்கிறது. குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பு. 4 மாதத்துக்குப் பிறகு சாம்பல் வளையம் எட்டிப் பார்க்கும், ஒரு வயதை நெருங்கும்போது வெளுத்துவிடும். ஆகவே உங்கள் பச்சைக்கு 4 முதல் 8 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பறவை லுட்டினோ, அதாவது கறுப்பு நிறமி இல்லாத வகை. அதற்குக் கோடே தெரியாது, நெற்றியைப் பார்த்துப் பயனில்லை. சிவப்புக் கண்ணில் வெள்ளை வளையம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் வளர்ந்த பறவை. காலை வெளிச்சத்தில், கையில் பிடிக்காமல், பக்கவாட்டில் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் போதும். மங்கலான இடத்தில் கண்மணி விரிந்து வளையத்தை விழுங்கிவிடும். பலர் கிழப் பறவையைக் குஞ்சு என்று நம்புவது இதனால்தான். ரிசஸிவ் பைடு (திட்டுத் திட்டாக நிறம் கலந்த ஒரு வகை) போன்ற சில வகைகளுக்கு எத்தனை வயதானாலும் வளையம் வராது.

துளையோர வெள்ளை பெட்டையின் அடையாளம். பானையை இப்போது கட்டாதீர்கள். ஒரு வயது நிறையாத பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். வளையம் நன்றாக வெளுத்து, மூக்கு பழுப்பான பிறகு பார்க்கலாம்.

கேள்வி: தெரிந்தவர் கொடுத்த நீலப் பறவைக்கு அலகோரம் சுண்ணாம்பு படிந்ததுபோல் இருக்கிறது, காலும் செதில் செதிலாக உரிகிறது. கிழடாகிவிட்டதா?
- வாசகி, ஓசூர்

பதில்: வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலைத் துளைக்கும் சிற்றுண்ணியின் வேலை; உற்றுப் பார்த்தால் அந்தப் படிவில் தேன்கூடு போல நுண்துளைகள் தெரியும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் ஐவர்மெக்டின் சொட்டு வைப்பார், சில வாரங்களில் குணமாகும். ஆட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை வீட்டிலேயே சொட்டிவிடாதீர்கள். 30, 40 கிராம் எடையுள்ள பறவைக்கு அந்த அளவு உயிருக்கே ஆபத்து. கூண்டில் உள்ள மற்றப் பறவைகளுக்கும் மருந்து வேண்டும். மர உட்காரு குச்சிகளை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆண் பட்ஜிக்கு 2 வயதா, 5 வயதா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: பார்வையால் முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் உடலில் நம்பத் தகுந்த அடையாளம் எதுவும் இல்லை. நகம் நீண்டிருப்பதை வைத்துச் சொல்வார்கள், அது நகத்தைத் தேய்க்காத குச்சியின் குறை. காலில் இணைப்பில்லாத முழு வளையம் இருந்து, அதில் ஆண்டு பொறித்திருந்தால் நம்பலாம். அது பொரித்த 5 முதல் 10 நாளுக்குள் மட்டுமே மாட்டக்கூடியது, பிறகு பாதம் நுழையாது. வெட்டுள்ள வளையத்தை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம். இன்னொன்று: ஆணின் நீல மூக்கு பழுப்பாக மாறினால் முதுமை என்று விட்டுவிடாதீர்கள். விரையில் கட்டி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.