உள்ளங்கைக் கருவி உயிரணுச் சவ்வின் கொழுப்பை அளக்குமா?

கேள்வி: கோயில் மண்டபத்துச் சுகாதார முகாமில், ஒரு கருவியின் கைப்பிடியை என் தாயாரைப் பிடிக்கச் சொன்ன முகவர், “உயிரணுச் சவ்வின் கொழுப்பு கெட்டுவிட்டது” என்று கூறி, 480 ரிங்கிட்டுக்கு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: நம்ப வேண்டாம். அத்தகைய கருவி மிஞ்சிப்போனால் தோலில் மின்சாரம் பாய்வதை அளக்கலாம். சவ்வு என்பது உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய உறை. அதன் கொழுப்பை அளக்க இரத்தம் வேண்டும்.

இரத்தத்தின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவோ உட்சவ்வுகளோ இல்லை என்பதால், அதன் கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் வெளிச்சவ்வுக்கே உரியது. 1925-இல் டச்சு ஆய்வாளர்கள் கோர்ட்டரும் கிரென்டலும் சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பாலானது என்று கணித்ததும் இவ்வணுக்களைக் கொண்டுதான். ஆய்வகத்தில் அணுக்களைக் கழுவி, குளோரோபார்மும் மெத்தனாலும் கலந்த கரைசலில் கொழுப்பைப் பிரித்தெடுத்து, வேதிமாற்றம் செய்து, கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமடோகிராபிக் கருவியில் ஒவ்வொரு கொழுப்பு அமிலத்தையும் தனித்தனியே அளப்பார்கள். இது ஒரு நிமிட வேலையன்று.

முகவர் அடுத்த முறை விரல்நுனி இரத்தத்தைத் தாளில் சொட்டவைத்து வாங்கிச் செல்ல வரக்கூடும். சிவப்பணுவின் கொழுப்பு அமிலங்களில் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமில வகை) எத்தனை விழுக்காடு என்று காணும் அச்சோதனை உண்மையானதே. 8 விழுக்காட்டுக்கு மேல் நல்லது, 4-க்குக் கீழ் குறைவு என்பார்கள். ஆனால் ஒமேகா-3 காற்றுபட்டால் கெடும். பாதுகாப்பு மருந்து பூசாத தாளை நம் ஊர் வெயிலில் காருக்குள் போட்டுவைத்தால் அளவு தானாகவே இறங்கும். இறங்கிய எண்ணைக் காட்டியே மாத்திரையை விற்றுவிடுவார்கள். தாள் எந்த ஆய்வகத்துக்கு, எத்தனை நாளில் போகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விரலை நீட்ட வேண்டாம்.

தாயார் அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால், உண்மையான சோதனையும் பயன்படாது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதுவரை அளக்கப்படுவதில் ஒரு பகுதி கொடையாளியின் சவ்வு, அவர் உண்ட மீன். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றுபவர்களுக்கு இந்த எண் ஒருபோதும் முழுமையாக அவர்களுடையதாக இராது.

அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். அங்கே தரும் கொலஸ்ட்ரால் அறிக்கை இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பற்றியது, சவ்வைப் பற்றியதன்று. ஆயினும் இதயத்துக்கான சிகிச்சையை முடிவு செய்ய மருத்துவர் பார்ப்பது அதைத்தான். எண்களை அச்சிட்டுக் கையில் திணிக்கிறார்களே தவிர, தமிழில் இரண்டு வாக்கியம் விளக்குவார் இல்லை. முகவருக்கு மண்டபம் நிறைவதும் அதனால்தான். அறிக்கையுடன் திரும்பச் சென்று, விளக்கம் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.