தைராய்டு அறிகுறிகளைச் சொன்னால் ‘எல்லாம் நார்மல்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். காது கொடுத்துக் கேட்கும் மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது: ஒரு வருடமாக அசதி. முடி கொட்டுகிறது. மற்றவர்கள் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் அறையில் உங்களுக்கு மட்டும் குளிர்கிறது. டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது கூடும்) 5.2. பார்த்த இரண்டு மருத்துவர்களும் ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் மருத்துவர் இல்லை. இரண்டு வருடம் நான்கு மருத்துவர்களிடம் ஏறி இறங்கியவள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எனக்கு ஆரம்பித்தது அசதியில்தான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் மறுபடி படுக்கத் தோன்றும். மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாதவிலக்கு ஒன்பது நாள் வரை இழுத்தது. மலச்சிக்கல். பேசிக்கொண்டே இருக்கும்போது சாதாரண வார்த்தை ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் அதைக் கிண்டல் செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் மருத்துவர் டி.எஸ்.எச். எடுத்தார். 6.1 வந்தது. அந்த லேபின் மேல் எல்லை 4.2. “கொஞ்சம்தான் கூட இருக்கு. வேலை, வீடு, குழந்தைன்னு டென்ஷன் இருக்கும்ல, வாக்கிங் போங்க” என்றார். இன்று யோசித்துப் பார்த்தால் அவர் முழுக்கத் தப்பு இல்லை. ஒரே ஒரு முறை லேசாகக் கூடிய டி.எஸ்.எச். தானாகவே இறங்கிவிடுவது உண்டு. அதனால் உடனே மாத்திரை எழுதாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. அந்த ‘மறுபடி பாருங்கள்’ என்ற வார்த்தையைத்தான் அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை.

அதற்குள் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வர ஆரம்பித்தது. தோழி ஒருத்தி சொன்னாள் என்று முடிக்கு ஒரு வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது மருத்துவர். டி.எஸ்.எச். மட்டும் எடுத்தார். 2.4. “பாருங்க, பக்கா நார்மல்.” அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது மருத்துவரிடம் போனேன். அவர் தாளை ஒரு நொடி பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தைராய்டு இல்லம்மா” என்றார். (நம் ஊர்ப் பேச்சு இது. ‘அவளுக்குத் தைராய்டு இருக்கு’, ‘எனக்குச் சுகர் இருக்கு’. தைராய்டு இல்லாமல் எப்படி இருக்கும், எல்லோருக்கும் கழுத்தில் ஒன்று இருக்கத்தானே செய்கிறது!) மனச்சோர்வாக இருக்கலாம் என்று ஒரு மாத்திரை எழுதினார். அந்தச் சந்தேகமும் நியாயமானதுதான். மனச்சோர்விலும் இதே அசதி வரும், தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு வரும். ஆனால் அந்த முடிவுக்கு வர அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

இடையில் இன்னொருவரிடமும் போனேன். அவரை மருத்துவர் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “டாக்டர்களுக்கு இது புரியாது, இது கண்டிப்பா தைராய்டுதான், டெஸ்டே வேண்டாம்” என்று சொல்லி, அவரே விற்கும் ‘தைராய்டு சப்போர்ட்’ கேப்சூலை நீட்டினார். ஒருவர் நம்மை நம்புகிறார் என்பதே அன்று அவ்வளவு ஆறுதலாக இருந்தது, அழுதேவிட்டேன். நல்ல வேளையாக அந்த கேப்சூலைப் போடவில்லை. இந்த வகைப் பொருள்கள் சிலவற்றைச் சோதித்தபோது தைராய்டு ஹார்மோனே உள்ளே இருந்தது தெரியவந்திருக்கிறது. சிலவற்றில் இருக்கும் அதிக அயோடின், ஏற்கெனவே பழுதான தைராய்டை இன்னும் கெடுக்கும். டென்ஷன் என்று தள்ளிவிட்டவரும் சோதிக்கவில்லை, உடனே ஒத்துக்கொண்ட இவரும் சோதிக்கவில்லை. நாம் தேடுவது நமக்குத் தலையாட்டும் ஆளை அல்ல என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

நான்காவதாகப் பார்த்தவர் சாதாரணப் பொது மருத்துவர். எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் நிபுணர்)கூட இல்லை. உட்கார்ந்ததும் நான் வழக்கமான பாட்டைப் பாட ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்று கழுத்தில் விரல் வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து ஒரு வாய் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது தைராய்டு மேலே ஏறி இறங்கும், வீக்கம் இருந்தால் அப்போது கையில் தட்டுப்படும். அதுவரை மூன்று பேர் என் தைராய்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் என் கழுத்தைத் தொட்டதில்லை.

அடுத்து நாற்காலியில் மண்டியிட்டு, பாதம் இரண்டும் வெளியே தொங்கும்படி இருக்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் சின்ன ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் வெடுக்கென்று இழுத்தது, பிறகு மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் திரும்புவது போலப் பழைய இடத்துக்கு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே கூட வந்திருந்த என் கணவரைப் பார்த்து, “சார், நீங்களும் ஏறுங்க” என்றார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே மண்டி போட்டார். ஒரு தட்டு. அவர் பாதம் போன வேகத்திலேயே திரும்பிவிட்டது. “வித்தியாசம் தெரியுதா? தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா தசை தளர்றதுக்கு நேரம் ஆகும். இது இருந்தா கண்டிப்பா அதுதான்னு அர்த்தம் இல்ல. ஆனா நான் தேடிப் பார்க்கறதுக்கு இது போதும்.”

“குரல் மாறியிருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோ ஒன்றைப் போட்டார். அதில் மகளைக் கூப்பிடும் குரல் யாருடையது என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி. “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” ஒன்றுமில்லை என்றேன். “வைட்டமின், சத்து மாத்திரை, முடிக்கு ஏதாவது?” அதெல்லாம் மருந்துக் கணக்கா என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். பயோட்டின், 10 மில்லிகிராம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும், அதாவது நூறு மடங்குக்கும் மேல். பல லேப்களில் டி.எஸ்.எச். அளக்கும் முறையே பயோட்டினின் ஒட்டும் தன்மையை நம்பித்தான் இருக்கிறது. ரத்தத்தில் அது அளவுக்கு மீறி மிதந்தால் கணக்குக் குழம்பி, டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். முடி கொட்டுகிறது என்று நான் போட்ட மாத்திரை, முடி ஏன் கொட்டுகிறது என்பதையே மறைத்துவிட்டிருந்தது.

குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள். எனக்கு ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். காலையிலேயே ரத்தம் கொடுக்கச் சொன்னார், ஏனென்றால் டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். இந்த முறை 13.8. ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4 0.7, எல்லைக்குக் கீழே. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஆன்டி டி.பி.ஓ. எல்லையைவிடப் பல மடங்கு. கூடவே இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8, அதுவும் குறைவு.

ஹாஷிமோட்டோ என்றார். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தின்னும் நோய். ஹாஷிமோட்டோ ஹகாரு என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் விவரித்தது, அதனால் அந்தப் பெயர். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது அதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. 1873-இலேயே லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், நடு வயதுப் பெண்களுக்கு முகம் உப்பி, பேச்சு மந்தமாகிப் போகும் நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்பவர் அப்படிப்பட்ட 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். அன்று டி.எஸ்.எச். பரிசோதனையே கிடையாது. பார்த்தும் கேட்டும் தொட்டும்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 5.2 என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ‘இது தைராய்டுதான்’ என்று நானும் சொல்ல மாட்டேன். ஃப்ரீ டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 10-க்குள் கூடியிருந்தால், பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் அசதி குறையவில்லை. ஆனால் ஆன்டி டி.பி.ஓ.வும் சேர்ந்து இருந்தால் கதை கொஞ்சம் மாறும். இங்கிலாந்தில் விக்கம் என்ற இடத்து மக்களை 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், இரண்டும் சேர்ந்து இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் நான்கு பேருக்குத் தைராய்டு முழுதாகக் குறைந்தது. அதனால் உங்களுக்குத் தேவை ஒரு மறு பரிசோதனை: டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ. கூடவே ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, சர்க்கரை. தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் இதே அசதியைத் தரும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். எப்போதிலிருந்து, எதைச் செய்ய முடியாமல் போனது, மாதவிலக்கு எத்தனை நாள், எடை எவ்வளவு கூடியது, வீட்டில் யாருக்குத் தைராய்டு, பிரசவம் எப்போது (பிரசவமான ஒரு வருடத்துக்குள் வரும் தைராய்டு அழற்சி தனி), போடும் எல்லா மாத்திரைகளும். ‘ரொம்ப அசதியா இருக்கு டாக்டர்’ என்று நான் நூறு முறை சொன்னேன், காற்றோடு போயிற்று. ‘ஜனவரியில் மூன்று மாடி ஏறினேன், இப்போது ஒன்றில் நிற்கிறேன்’ என்றதைத்தான் அவர் குறித்துக்கொண்டார். பழைய ரிப்போர்ட்டுகளை எண்ணோடு கொண்டு போங்கள். ‘நார்மல்னு சொன்னாங்க’ என்பது ரிப்போர்ட் ஆகாது. வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போவதும் நல்லது. நமக்கே தெரியாத மாற்றம் அவர்களுக்குத் தெரியும்.

‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் சண்டை வேண்டாம். “சரிங்க டாக்டர், அப்போ இந்த அசதிக்கு அடுத்து எதைப் பார்க்கலாம்? இதை மறுபடி எப்போ பார்க்கணும்?” என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் தொடருங்கள். எரிச்சல் படுகிறவரிடமிருந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

பெரிய நிபுணரைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ, இதய நோய் இருந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, ஃப்ரீ டி4 குறைந்தும் டி.எஸ்.எச். கூடாமல் இருந்தாலோ (அப்போது கோளாறு மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரியில் இருக்கலாம், டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்) எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் போங்கள். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, உடல் சில்லிட்டு நினைவு தடுமாறினாலோ எவருடைய அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எனக்குத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. இரும்பு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி. அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகவே ஒரு வாரம் எடுக்கும், அதனால் அளவை மாற்றினால் ஆறு எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி சோதிப்பார்கள். பத்தாம் நாளே ஒன்றும் தெரியவில்லையே என்று நான் போன் போட்டுத் திட்டு வாங்கினேன். மூன்றாம் மாதம் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன். அதில் தைராய்டு மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, இரும்பு மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது என்று அவரே சொன்னார். எடை மூன்று கிலோதான் இறங்கியது. தைராய்டால் ஏறும் எடை பெரும்பாலும் உப்பும் நீரும்தானாம், மீதி நான் ஏற்றிக்கொண்டது. முடி திரும்ப அடர ஒரு வருடம் ஆனது, பயோட்டின் இல்லாமலேயே.

உங்கள் கேள்வியில் முடி கொட்டுவதைச் சொல்லியிருக்கிறீர்கள், அதற்கு என்ன போடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும் முன் அந்த டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.