லெப்பர்ட் கெக்கோ பத்து நாளாகச் சாப்பிடவில்லை, வாயைத் திறந்து ஊட்டலாமா?

ஊட்ட வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

கெக்கோ என்ற உங்கள் வளர்ப்புப் பல்லிக்கு ஒன்றரை வயது, வேளச்சேரியில் ஃபிளாட், பத்து நாளாகப் பூச்சியைத் தொடவில்லை, தொட்டி இருப்பது ஏசி போடும் படுக்கையறையில். "சென்னை வெயிலுக்கு ஹீட் மேட் எதற்கு" என்று கடையில் சொன்னதால், தொட்டிக்கு அடியில் வைக்கும் அந்தச் சூடேற்றும் விரிப்பை வாங்கவில்லை. இவ்வளவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதிலில் பெரும்பகுதி அந்தக் கடைசி இரண்டு விஷயங்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாயைப் பிளந்து ஊட்டினால் தாடை காயப்படும். மிரண்டு போனால் வாலை உதறிவிடும். அந்த வாலில்தான் அது சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பகுதி இருக்கிறது. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் அதையும் இழந்தால் நிலைமை மோசமாகிவிடும்.

அதனால் உணவுக் கிண்ணத்தைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். வாலின் பருத்த பகுதி கழுத்தளவு அகலமோ அதற்கு மேலோ இருந்தால், வளர்ந்த கெக்கோ இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது ஆபத்தில்லை. குட்டி என்றால் கதை வேறு. அதனிடம் சேமிப்பு கிடையாது, நான்கைந்து நாள் தாண்டினாலே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணளவை மட்டும் நம்பவும் வேண்டாம். நகை நிறுக்கிற சின்ன பாக்கெட் தராசு ஒன்று வாங்கி, ஒரு டப்பாவில் உட்கார வைத்து வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்தவை பெரும்பாலும் 45 முதல் 80 கிராமுக்குள் இருக்கும். உங்களுடையதன் வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். 60 கிராம் இருந்தது 54 ஆகிவிட்டால் அதுதான் மணி அடிக்கும் இடம்.

இப்போது சூடு. இந்தப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்குப் பகுதிகளின் வறண்ட கல்லுமேட்டு நிலத்தைச் சேர்ந்தது. பகலில் கல்லிடுக்கில் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். வெயில் வாங்கிய பாறையின் சூடு அதன் வயிற்றுக்கு ஏறினால்தான் தின்றது செரிக்கும். சூடு கிடைக்காவிட்டால் தின்றது குடலிலேயே கிடந்து அழுகும், அல்லது கக்கிவிடும். உடம்புக்கு அது தெரியும், அதனால் பசியையே நிறுத்திக்கொள்ளும்.

நம் ஊர் சூடான ஊர்தான். ஆனால் உங்கள் கெக்கோ இருப்பது ஊரில் இல்லை, அந்த அறையில். நீங்கள் இரவு பத்து மணிக்கு ஏசியை 24-ல் வைத்துக் கதவைச் சாத்துகிறீர்கள். அது விழித்துக்கொண்டு இரை தேடும் நேரமும் அதுதான். தொட்டியின் தரை விடியும்வரை சில்லென்று இருக்கிறது. வெளியே அக்னி நட்சத்திரமே கொளுத்தினாலும் அதற்கு என்ன பயன்? மார்கழியில் ஏசி இல்லாமலேயே சென்னை இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடும்.

கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதே மாதிரித் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர், ஆனால் பொருட்களின் சூட்டை அளப்பது, ஆன்லைனில் கிடைக்கும். அதை வைத்துத் தொட்டியின் தரையை அளந்து பாருங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25, 26 இருக்க வேண்டும். ஹீட் மேட் வாங்கி, தொட்டிக்கு அடியில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் வையுங்கள், அந்தப் பக்கத்திலேயே ஒளிவிடமும் இருக்கட்டும். சூடு ஏறினால் தானாகவே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட் மாட்டவே கூடாது, தரை 40-ஐத் தாண்டி வயிறு பொசுங்கிவிடும். சின்ன மேட் 10, 15 வாட்தான் இழுக்கும். கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும்.

மே மாதத்தில் பிரச்சினை தலைகீழாகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் தொட்டி முழுவதுமே 35-ஐத் தாண்டும், ஒதுங்கக் குளிர்ந்த மூலையே இருக்காது, அப்போதும் சாப்பிடாது. தொட்டியை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். குளிர்ந்த பக்கத்தில் உடைந்த மண்பானை ஓடு ஒன்றைக் கவிழ்த்து ஈரத்துணியை அதன்மேல் போட்டால் நல்ல நிழல்.

சூட்டைச் சரிசெய்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அந்த வாரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பசி இல்லாமல் இருப்பது வேறு, பசி இருந்தும் முடியாமல் இருப்பது வேறு. பசியுள்ள கெக்கோ பூச்சியைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி, வால் நுனியை மெல்ல நெளிக்கும். அப்படி நெளித்துவிட்டுப் பாய்ந்து குறி தவறினாலோ, கவ்விய பூச்சியைப் பிடித்துப் பிடித்து நழுவவிட்டாலோ, குறை பசியில் இல்லை. கண்ணோரத்தில் உரியாத தோல் ஒட்டியிருக்கலாம். அல்லது கால்சியம் குறைந்து தாடை மெத்தென்று ஆகியிருக்கலாம். முன்னங்கால் வளைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பூச்சியைக் கால்சியம், வைட்டமின் டி3 பொடியில் புரட்டிப் போடாமல் வளர்த்தால் இங்கேதான் வந்து முடியும். இது ஒரு வாரம் பார்க்கிற விஷயமும் இல்லை, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியது.

தோல் வெளுத்து மங்கலாகத் தெரிந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாது, உரித்த தோலையே தின்றுவிடும். ஈரப் பஞ்சோ பாசியோ போட்ட மூடிய டப்பா ஒன்று உள்ளே இருந்தால் போதும்.

ஆணா பெண்ணா என்று நீங்கள் சொல்லவில்லை. குளிர் முடிந்த பிறகு ஆண்கள் துணை தேடும் நினைப்பில் வாரக்கணக்கில் சாப்பாட்டை மறந்துவிடும். பெண் என்றால் ஆண் இல்லாமலேயே முட்டை வைக்கலாம், அப்போதும் சாப்பாடு குறையும். கண்ணாடி வழியாக அடிவயிற்றைப் பாருங்கள், வெள்ளையாக நீள்வட்டமாக இரண்டு தெரிந்தால் முட்டைதான். தோண்டுவதற்கு ஈரமண் டப்பா வையுங்கள். வயிறு உப்பியபடியே முட்டை வராமல் சோர்ந்து கிடந்தால் அவசரம்.

உணவு விஷயத்தில், மீல்வார்ம் என்னும் புழுவை மட்டுமே கொடுத்து வந்தால் சில கெக்கோ அலுத்துப்போய் நிறுத்திவிடும். அரோவானா மீன் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் கிரிக்கெட் பூச்சி வாங்குவதால் கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த மீல்வார்மை அப்படியே கொண்டுபோய்ப் போடாதீர்கள். குளிரில் அது அசையாது, அசையாததைக் கெக்கோ இரையாகவே மதிக்காது. அரை மணி நேரம் வெளியே வைத்து, நெளியத் தொடங்கியதும் இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள். அப்படியும் மறுத்தால் ஒரு மீல்வார்மை நசுக்கி, அந்தச் சாற்றை அதன் உதட்டு நுனியில் லேசாகத் தடவுங்கள். நக்கிப் பார்க்கும், பல நேரம் அடுத்த பூச்சியைத் தானாகவே கவ்வும். தின்னாத கிரிக்கெட்டை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது, கெக்கோவைக் கடித்துவிடும். வீட்டுக் கரப்பான் வேண்டவே வேண்டாம், எந்த மருந்து அடித்த மூலையிலிருந்து வந்ததோ.

தரையில் மணல் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பரோ டைல்ஸோ போடுங்கள். மணலை விழுங்கிக் குடல் அடைத்தாலும் பசி போய்விடும். கழிவு வராமல் முக்கிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம்.

சூடு சரியாகி ஒரு வாரம் ஆகியும் தொடவில்லை, எடை இறங்குகிறது, வால் குச்சியாகிறது, கக்குகிறது, கழிவு தண்ணீராகப் போகிறது என்றால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அதில் கிரிப்டோஸ்போரிடியம் என்பது கொடியது. நிச்சயமான மருந்து இல்லை, பக்கத்துத் தொட்டிக்கும் பரவும். வேறு கெக்கோ இருந்தால் கையை சோப்பு போட்டுக் கழுவாமல் அதைத் தொடாதீர்கள், இடுக்கியையும் கிண்ணத்தையும் தனியாக வையுங்கள்.

நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் இதற்குப் பதில் கிடைப்பது சிரமம். போகும் முன் போன் செய்து "ஊர்வன பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அன்றைய கழிவைக் காயவிடாமல் சின்ன டப்பாவில் மூடி எடுத்துப்போங்கள், பரிசோதனைக்கு அதுதான் வேண்டும். எடை எழுதிய தாளும், தரைச் சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் போட்டோவும் கையில் இருக்கட்டும், டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். காற்றோட்டத் துளை போட்ட டப்பாவில் துணி விரித்து, வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள்.