பேசிக்கொண்டேயிருக்கும் பொலிஸ்காரர்

அன்பின் ரீச்சர்,

போன போயா லீவுக்குக் கூட்டாளிமாரோடு சேர்ந்து எங்கள் வீட்டில் ‘டொக் டே ஆஃப்டர்நூன்’ பார்த்தேன். வங்கிக் கொள்ளை, உள்ளே பணயக்கைதிகள், வெளியே பொலிஸ் என்று சொன்னதும் எல்லாரும் ஆசையாக உட்கார்ந்தார்கள். அரை மணித்தியாலத்தில் ‘லாக் அடிக்குது’ என்று தொடங்கிவிட்டார்கள். பின்னணி இசை இல்லை, சண்டை இல்லை, பொலிஸ்காரர் கதைத்துக்கொண்டேயிருக்கிறார் என்று குறை. கடைசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டோம். எனக்குப் படம் பிடித்திருந்தது, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. கொள்ளைக்காரன் ‘அட்டிக்கா’ என்று கத்த, சனம் ஏன் ஆர்ப்பரிக்கிறது என்பதும் விளங்கவில்லை. விஜய் படங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் ரசனை கெட்டுவிட்டதா? இதைத் தமிழில் எடுத்தால் யார் நடிக்கலாம்? விமர்சனத்துக்கென்று ஒரு யூடியூப் சனல் தொடங்கவும் யோசிக்கிறேன். உங்கள் ஆலோசனை வேண்டும்.

க., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

யார் நடிக்கலாம் என்ற கதையை விடுங்கள். சனல் தொடங்க விருப்பமென்றால் தொடங்குங்கள், அதற்கு நான் எதற்கு? விஜய் மேல் பழி போடவும் வேண்டாம். விசிலடித்துப் படம் பார்க்கிற பிள்ளைகளே இன்னொரு படத்தின் முன்னால் வாயடைத்துப்போய் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்றரை மடங்கு வேகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சரியான கோபம் வந்தது. அந்தப் படத்தில் இருப்பதே நேரம்தான். 1972 ஒகஸ்ட் 22 அன்று நியூயோர்க்கின் புரூக்ளினில் ஒரு வங்கிக்குள் உண்மையாகவே நடந்த சம்பவம் அது. பிற்பகலில் தொடங்கி விடியப்புறம் வரை இழுபட்டது. 1975 இல் சிட்னி லூமெட் அதைப் படமாக்கினார். தொடக்கத்தில் வரும் ஒரு பாட்டைத் தவிர இசையே வைக்கவில்லை. புழுக்கம், வியர்வை, பசி, டெலிபோன், திரும்பவும் புழுக்கம். அந்த நேரம் ஊர்ந்தால்தான் உள்ளே இருக்கிறவர்களின் பயம் நமக்கு உறைக்கும். அதை ஓட்டிவிட்டுப் பார்த்தவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இதை உங்கள் கூட்டாளிமாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் என் மனமும் இதிலேதான் கிடந்தது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தேன். ஹபரணை தாண்டும்போது ரீவியில் ஒரு தமிழ்ப் படம் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிற ஒருவன், அவர்களை மீட்க வருகிற ஒரு பொலிஸ் அதிகாரி. பேச்சுவார்த்தை என்று இரண்டு நிமிடம்கூட இல்லை, அதிகாரி டெலிபோனை எறிந்து உடைக்கிறார். கடைசியில் பிடித்து வைத்தவன் துவக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறான். அதிகாரி நெற்றியில் சுடுகிறார். நித்திரையில் இருந்தவர்களும் எழும்பிக் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்த தம்பி, தட்டுவதற்காகவே கையிலிருந்த போனை மடியில் வைத்தார். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று படத்தில் ஒரு காட்சி இல்லை. பஸ்ஸில் யாரும் தேடவுமில்லை.

சரி, அட்டிக்காவுக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அட்டிக்கா நியூயோர்க் மாநிலத்தில் உள்ள ஒரு சிறைச்சாலை. வாரத்துக்கு ஒரு குளிப்பு, மாதத்துக்கு ஒரு சுருள் கழிவறைக் கடதாசி என்று ஆட்களை வைத்திருந்த இடம். 1971 செப்டெம்பர் 9 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்து காவலர்களையும் ஊழியர்களையும் பிடித்துக்கொண்டார்கள். நான்கு நாள் பேச்சு நடந்தது. 13 ஆம் திகதி காலை, ஆளுநர் நெல்சன் ரொக்கஃபெல்லரின் அனுமதியோடு மாநிலப் பொலிசார் கண்ணீர்ப்புகை போட்டுவிட்டு, அந்தப் புகைக்குள் சுட்டார்கள். அன்றைய சூட்டில் பட்டு 39 பேர் செத்தார்கள். 29 பேர் கைதிகள். மற்றப் பத்துப் பேர் யாரை மீட்பதற்காகச் சுட்டார்களோ அந்தப் பணயக்கைதிகள்.

அதோடு முடியவில்லை. கைதிகள்தான் பணயக்கைதிகளின் கழுத்தை அறுத்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள், பத்திரிகைகளும் அப்படியே போட்டன. பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியர் மறுநாள் உண்மையைச் சொன்னார்: அவர்கள் சூடுபட்டுத்தான் செத்திருக்கிறார்கள். கைதிகளிடம் துவக்கே இருக்கவில்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகுமுன்னேதான் அந்தப் புரூக்ளின் வங்கி. படத்தில் கொள்ளைக்காரன் சன்னி வாசலுக்கு வந்து ‘அட்டிக்கா’ என்று கத்தும்போது தெருச் சனத்துக்கு விளங்கிவிடுகிறது. பொலிஸ் பொறுமையிழந்தால் உள்ளே இருக்கிற பெண்கள்தான் முதலில் சாவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கொள்ளைக்காரன் மேலுள்ள அன்பில் மட்டும் அந்தச் சனம் ஆர்ப்பரிக்கவில்லை. (கொள்ளைக்காரனுக்கே ஆர்ப்பரிக்கிற சனமும் உண்டு. 1982 இல் சேபால ஏக்கநாயக்க இத்தாலிய விமானத்தைக் கடத்தி, பணத்தையும் மனைவி பிள்ளையையும் வாங்கிக்கொண்டு இலங்கைக்கு வந்தபோது வீரனாக வரவேற்றார்கள். விமானக் கடத்தலுக்கென்று நாட்டில் ஒரு சட்டமே அதன் பிறகுதான் வந்தது.)

அந்த வங்கிச் சம்பவத்துக்கு இரண்டு கிழமை கழித்து மியூனிக். ஒலிம்பிக் கிராமத்தில் பிடிக்கப்பட்ட இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களை விமான நிலையத்தில் வைத்து மீட்கப்போய், மிச்சமிருந்த ஒன்பது பணயக்கைதிகளும் செத்துப்போனார்கள். இவ்வளவு சாவுக்கும் பிறகுதான் நியூயோர்க் பொலிஸ் யோசித்தது. 1973 இல் ஹார்வி ஷ்லொஸ்பேர்க், ஃபிராங்க் போல்ஸ் என்ற இரண்டு பொலிஸ்காரர்கள் பேசுவதற்கென்றே ஒரு பிரிவை உருவாக்கினார்கள். ஷ்லொஸ்பேர்க் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர்கள் பழக்கியது இதுதான்: அவசரப்படாதே. அவன் பேசட்டும், நீ கேள். எதற்கும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்காதே. சாப்பாடு கேட்டால் பதிலுக்கு ஒரு ஆளைக் கேள். நேரம் போகப் போகக் கோபம் தணியும், களைப்பு வரும், உள்ளே இருக்கிறவர்கள் அவனுக்கு மனிதர்களாகத் தெரியத் தொடங்குவார்கள்.

உங்கள் கூட்டாளிமார் லாக் என்று சொன்னது இதைத்தான், தம்பி. மொரெட்டி என்ற அந்தத் தடித்த பொலிஸ்காரர் வியர்க்க வியர்க்கக் கதைத்துக்கொண்டே தன் ஆட்களைப் பார்த்துத் துவக்கைக் கீழே போடச் சொல்லிக் கத்துகிறாரே, அந்த இடம் எனக்கு எந்தச் சண்டைக் காட்சியையும் விடப் பெரிது. ஏன் என்று கேட்டால் ஊர்க்கதைக்குத்தான் போக வேண்டும்.

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை. வெள்ளை வானில் வந்து ஆட்களைக் கடத்திய காலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மாவின் மகனைக் கொண்டுபோனார்கள். சில நாளில் கப்பம் கேட்டு அழைப்பு வந்தது. அந்த வீட்டில் போனைத் தையல் மெசினின் மேல் ஒரு கைலேஞ்சியை விரித்து வைத்திருப்பார்கள், சார்ஜர் வயர் அங்குவரைதான் எட்டும். அம்மா பக்கத்து வாங்கிலேயே படுப்பார். கதைத்ததை எழுதிவைக்க நான் கொப்பியோடு போய் இருப்பேன். மற்றப் பக்கத்தில் இருந்தவன் காசுக் கணக்குச் சொன்னான். அம்மா அதற்குப் பதிலே சொல்லவில்லை. “பிள்ளை சாப்பிட்டவனோ?” என்று கேட்டார். அவன் திரும்பவும் கணக்குச் சொன்னான். “அவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, குடுத்துப்போடாதேங்கோ” என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வைத்துவிட்டான்.

அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனோம். எந்த நிலையம் என்பது வேண்டாம். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எந்த நம்பர், குரல் எப்படி, பின்னால் என்ன சத்தம் கேட்டது, எல்லாம் எழுதியிருந்தேன். நீட்டினேன். மேசையில் இருந்தவர் வாங்கவில்லை. அரைப் பக்கம் எழுதி, முறைப்பாட்டு இலக்கத்தைத் துண்டில் தந்து அனுப்பிவிட்டார். அடுத்த அழைப்பு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. யாருக்கும் தெரியாமலே ஒரு பேச்சுவார்த்தையை அவர் தனியாளாக நடத்தினார். ஷ்லொஸ்பேர்க் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவர் செய்தார், அந்தப் பெயரையே கேள்விப்படாமல். மகன் வரவில்லை. 2017 இல் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் எங்கள் ஊரிலும் தெருவுக்கு வந்தபோது அவரும் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு இருந்தார்.

பொலிஸ் வேறு, கடத்துகிறவர்கள் வேறு என்ற நம்பிக்கை இருந்தால்தான் இந்த வகைப் படமே எடுக்கலாம். 2008, 2009 இல் கொழும்புப் பக்கம் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கை எடுத்துப் பாருங்கள். கப்பத்துக்காகக் கடற்படையினரே அவர்களைக் கொண்டுபோய், எங்கள் திருகோணமலைத் தளத்தில் அடைத்து வைத்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. 2015 நவம்பரில் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு வந்து அந்த நிலத்தடி அறைகளைப் பார்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் எங்கள் ஊரில் ஒரு சின்னப் பிள்ளையைக் கப்பத்துக்காகக் கடத்திக் கொன்றார்கள். ஊரே துடித்தது. பிடிபட்டவர்களில் சிலர் வழக்குக்கு வராமலே, பொலிஸ் காவலில் இருந்தபோதே செத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று கேட்க இனி ஆள் இல்லை. அப்போது ‘நல்ல வேலை’ என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்கள். பஸ்ஸில் அந்தக் கைதட்டல் கேட்டபோது அவர்களின் முகங்கள்தான் எனக்கு முன்னால் வந்தன. கையைத் தூக்கியவனைச் சுடும்போது விசில் அடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு எப்படி மனம் வருகிறது? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும்?

இந்தப் படம் உங்களைக் கைதட்ட விடாது. கடைசியில் விமான நிலையத்துக்குப் போகும்போது, விமானத்தில் ஏறியே பழக்கமில்லாத, சன்னியின் கூட்டாளி சாலுக்குப் பணயக்கைதிகளில் ஒரு பெண் தன் செபமாலையைக் கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவனை நெற்றியில் சுடுகிறார்கள். உண்மைச் சம்பவத்தில் அந்தப் பையனுக்கு 18 வயது. பஸ்ஸில் பார்த்த படத்திலும் நெற்றிதான், ஆனால் இங்கே யாருக்கும் கை எழும்பாது. உங்களுக்கு ஏன் பிடித்தது என்று தெரியவில்லை என்றீர்கள். அந்த இடத்தில் உங்கள் கை சும்மா இருந்ததென்றால் அதற்காகத்தான் பிடித்திருக்கிறது. உங்களில் ஒரு குறையும் இல்லை.

கூட்டாளிமாரை ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்காதீர்கள். திரும்பவும் கூப்பிட்டு, சரியான வேகத்தில் போடுங்கள். தலைமைக் காசாளர் சில்வியா வாசலுக்கு வருகிற இடம் இருக்கிறது. அப்படியே போய்விடலாம். அவளோ தன் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று, கூட வேலை செய்கிற பெண்களைச் சொல்லிக்கொண்டு, திரும்பி உள்ளே போய்விடுகிறாள். அந்த இடத்தில் நிறுத்தி, அவள் ஏன் போனாள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள், உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
ரீச்சர்