கேள்வி-பதில்: வேற்றுக் கோளில் நீராவி ரயில்

அறிவியல் புனைகதை எழுதும் வாசகர்கள் சிலர் தங்கள் கதையில் வரும் ஆதிகால நீராவி இன்ஜின் பற்றி அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: விண்கலம் பழுதாகி ஒரு கோளில் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ரயில் விடுகிறார்கள். காற்று, காடு, தண்ணீர் எல்லாம் பூமி மாதிரியே. எவ்வளவு வலுவான இன்ஜினை அவர்கள் செய்ய முடியும்?

இங்கிலாந்தின் இன்ஜின் பொறியாளர்களான ஸ்டீஃபன்சன்கள் (தந்தையும் மகனும்) 1829-இல் செய்த 'ராக்கெட்' என்ற நீராவி இன்ஜினை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எடை 4 டன்னுக்குச் சற்று மேல். இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 8 அங்குல விட்டம், பிஸ்டன் ஓட்டம் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது நகரும் தூரம்) 17 அங்குலம். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு, ஓட்டும் சக்கரம் 56½ அங்குலம். சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஓட்டத்தாலும் அழுத்தத்தாலும் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுத்து, 0.85-ஆல் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும்: சுமார் 820 பவுண்டு. சமதளத்தில் டன்னுக்கு 10 பவுண்டு தடை என்று வைத்தால், மெதுவாகப் போகும்போது 80 டன் வரை நகரும். நூற்றுக்கு ஒன்று ஏற்றம் வந்துவிட்டால் டன்னுக்கு இன்னும் 22 பவுண்டு கூடி, இன்ஜினையும் சேர்த்து 25 டன்னோடு நின்றுவிடும். உங்கள் கோளின் வரைபடத்தில் மலை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

உண்மையில் கஷ்டமான வேலை சிலிண்டரைக் குடைவதுதான். 1775 வாக்கில் ஆங்கிலேய இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சன் வெட்டுளி பொருத்திய தண்டை இரு முனையிலும் தாங்கிப் பிடித்துக் குடைந்த பிறகே ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜினுக்குச் சரியான சிலிண்டர் கிடைத்தது. பிஸ்டனைச் சுற்றிக் கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றினால் போதும், ரப்பர் வேண்டாம். ஆனால் அது தேயும். தேய்ந்ததும் நீராவி பிஸ்டனைத் தாண்டிக் கசியும், இழுவை குறையும், அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

ராக்கெட்டின் பாய்லருக்குள் நெருப்பின் சூடு 25 செப்புக் குழாய்கள் வழியாகப் போனது. உங்கள் ஆட்களுக்குக் குழாய் செய்ய வராவிட்டால், ராக்கெட்டுக்கு முன்பே நீராவி ரயில் இன்ஜின் செய்த ஆங்கிலேயப் பொறியாளர் ட்ரெவிதிக் செய்ததுபோல ஒரே பெரிய குழாயை 'ப' வடிவில் வளைத்து விடலாம். ஓடும், ஆனால் நீராவி அடிக்கடி தீர்ந்துபோகும்.

கேள்வி: தண்டவாளத்தை மரத்திலேயே போட்டுவிடலாமா?

போடலாம், மேலே இரும்புப் பட்டை அடித்து. அமெரிக்காவில் அப்படி ஓட்டினார்கள். சக்கரம் ஏறி ஏறிப் பட்டையின் நுனி ஆணியோடு பெயர்ந்து மேலே சுருண்டு, பெட்டியின் தரையைக் குத்திக்கொண்டு உள்ளே வந்ததும் உண்டு. வார்ப்பிரும்பு இன்னும் மோசம். 1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸின் பெனிடாரனில் ட்ரெவிதிக்கின் இன்ஜின் 10 டன் இரும்பையும் சுமார் 70 பேரையும் ஒன்பது மைலுக்கு மேல் 4 மணி 5 நிமிடத்தில் இழுத்தது. இன்ஜின் தாங்கியது, அதன் எடையில் தண்டவாளத் தகடுகள் உடைந்தன. 1820-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பர்கின்ஷா, உருளைகளுக்கிடையே உருட்டிச் செய்த தேனிரும்புத் (எளிதில் உடையாமல் வளைந்துகொடுக்கும் இரும்பு) தண்டவாளத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் பாதை உறுதியானது. கதையில் இரும்பு உருளை ஆலை ஒன்று வந்தே ஆக வேண்டும்.

கேள்வி: செவ்வாயில் கரி எரித்து ரயில் ஓட்டுகிறேன். நண்பர் சிரிக்கிறார். என்ன தப்பு?

செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அழுத்தமும் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கரி எரியாது. ஆக்சிஜனைச் சுமந்துபோகலாம் என்றால், ஒரு கிலோ கரிக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் வேண்டும்.

நெருப்பில்லாத இன்ஜினாக மாற்றுங்கள். வெடிமருந்து ஆலைகளில் நிஜமாகவே ஓடிய வகை இது. நெருப்பறை கிடையாது. தடித்த தொட்டியில், நிலையத்துப் பாய்லரிலிருந்து வரும் நீராவியால் சூடேற்றிய தண்ணீர் இருக்கும். 15 வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 198 டிகிரிக்கு நிரப்பி, 2 வளிமண்டலம் வரை இறக்கினால், ஒரு டன் தண்ணீரில் ஏறக்குறைய 150 கிலோ தானாகவே நீராவியாகும். தீர்ந்ததும் அடுத்த நிலையத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். நிலையத்துக்கு நிலையம் அழுத்தமுள் இறங்குவதே கதைக்கு நல்ல பதற்றம் தரும். வெளியேறும் நீராவியைத் திறந்தவெளியில் விட்டால் குழாய் முனையில் உறைபனி கட்டி அடைத்துக்கொள்ளும். தண்ணீரும் அங்கே அருமை என்பதால், நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கும் குளிர்கலத்தில் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: ஈர்ப்பு குறைந்தால் சக்கரம் வழுக்குமா?

எல்லோரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. பிடிப்பு குறைகிறது, ஆனால் பெட்டிகளின் உருள்தடையும் ஏற்றத்தின் பாரமும் அதே விகிதத்தில் குறைகின்றன. எனவே அதே ரயிலை அதே ஏற்றத்தில் இழுக்கும். குறையாதது நிறை. வேகம் எடுப்பதும் நிற்பதும்தான் சிக்கல். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், உராய்வு 0.1 என்றால், பூமியில் 51 மீட்டரில் நிற்கும் ரயில் செவ்வாயில் 135 மீட்டர் ஓடும். பூமியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கவிழ்கிற வளைவில், அங்கே 25-லேயே கவிழும்.

யாரும் எழுதாத ஒன்று பாய்லருக்குள் நடக்கிறது. ஈர்ப்பு குறைந்தால் குமிழிகள் மெதுவாக எழும். தண்ணீர் நுரைத்துப் பொங்கி நீராவியோடு சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை நசுக்க முடியாதே! பிஸ்டன் அடித்து சிலிண்டர் மூடியே பெயர்ந்துவிடும். நீராவிக்கான மேல் இடத்தைப் பெரிதாக வையுங்கள், கிளம்பும்போது சிலிண்டரின் வடிகுழாய்களைத் திறந்து வையுங்கள். நெருப்பு எரியக்கூடிய காற்றுள்ள சிறு கோளில் புகைபோக்கியின் இயல்பான இழுப்பும் குறையும். ஆனால் வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் பீய்ச்சினால் கிடைக்கும் இழுப்புக்கு ஈர்ப்பு தேவையில்லை.

கேள்வி: பாய்லர் வெடிக்கும் காட்சியை எப்படி நம்பும்படி எழுதுவது?

அழுத்தமுள் சிவப்புக்குப் போய் 'டமார்' என்று எழுதாதீர்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர்க் குறைவு. நெருப்பறையின் கூரைத் தகட்டின் மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும்போது தண்ணீர் முன்பக்கம் ஓடும். பின்னால் உள்ள கூரைத் தகடு வெளியே தெரியும். 500 டிகிரியைத் தாண்டியதும் இரும்பு இளகி, கீழ்நோக்கிப் புடைத்துக் கிழியும். 50 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 148 டிகிரி; அழுத்தம் போன நொடியில் அதில் 9 சதவீதம் நீராவியாகும். ஒரு டன்னுக்கு 90 கிலோ, அதாவது 150 கன மீட்டர். பாய்லரையே தூக்கி எறிவது இதுதான்.

கண்ணாடிக் குழாய் செய்யத் தெரியாதவர்கள் மூன்று சிறு குழாய்த் திருகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். மேலதைத் திறந்தால் நீராவி, கீழதில் தண்ணீர். கீழதிலும் வெறும் சீற்றம் வந்தால் உடனே நெருப்பை வாரிக் கொட்ட வேண்டும். 1803-இல் கிரீன்விச்சில் தன் இன்ஜின் வெடித்து உயிர்கள் போன பின், ட்ரெவிதிக் கூரைத் தகட்டில் ஈய அடைப்பை வைத்தார். தண்ணீர் விலகினால் 327 டிகிரியில் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். உப்புப் படிவு அந்த அடைப்பை மூடிக்கொண்டால் உருகினாலும் திறக்காது. மாற்ற மறந்த ஓர் ஈய அடைப்பு போதும் உங்கள் காட்சிக்கு.

கேள்வி: கதாநாயகி ஓடிவந்து ஏறியதும் இன்ஜின் கிளம்ப முடியுமா?

ஏற்கெனவே நெருப்பு மூட்டியிருந்தால் முடியும். குளிர்ந்து கிடந்தால், சிறிய பாய்லருக்கே ஒரு மணி நேரமாவது ஆகும், பெரியதற்குப் பல மணி நேரம். அவசரப்பட்டு எரித்தால் குழாய்கள் சீரற்று விரிந்து முனைகளில் ஒழுகத் தொடங்கும். நெருப்பை இரவில் சாம்பலால் மூடிவைத்து விடியலில் கிளறிவிடும் ஓர் ஆளை முந்தைய அத்தியாயத்திலேயே வைத்துவிடுங்கள்.